சப்பாத்து அண்ணையின் இரட்டை முடிச்சு

சிட்னி நகரத்திலேயே ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் ஒரே கருவி, சப்பாத்து அண்ணையின் கால்கள்தான். அவருடைய ஊரான யாழ்ப்பாணத்தில் ஷூவுக்குச் சப்பாத்து என்று பெயர். எங்கள் ஸ்ட்ராத்ஃபீல்ட் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிடுவார். மேலாளர் கூப்பிட்டாலும் காலுறையோடுதான் போவார். தீ எச்சரிக்கை மணி அலறிய அன்று நாங்கள் எழுந்து ஓடியது மணியைக் கேட்டு அல்ல. அவர் குனிந்து நாடா கட்டியதைப் பார்த்து.

2013. ஐரோப்பாவில் வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து கட்டணத்தை நேரடியாக எடுக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ஒரு ஜெர்மன் எரிவாயு நிறுவனத்துக்காக நாங்கள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தோம். கட்டணம் எடுக்கச் சொல்லும் கோப்பை வங்கிக்கு அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். வாடிக்கையாளர்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தில் அந்த எண்ணின் நடுவே ZZZ. என் கோப்பில் அதே இடத்தில் 012!

என் விசாவே அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரையே கிண்டலடிக்கும் நான் சப்பாத்து அண்ணையிடம் ஓடினேன். மனதுக்குள் சோபாவைப் பாதி விலைக்கு விற்றும் விட்டேன்.

"அண்ணே, போச்சு! வேற கம்பெனி நம்பர்ல அனுப்பிட்டேன். அத்தனையையும் பேங்க் திருப்பி அடிச்சிடும்!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குனிந்தார். ஒரு சப்பாத்து. மற்றதும். இரட்டை முடிச்சு வேறு. கதை முடிந்தது என்று சரிந்து உட்கார்ந்தேன்.

"பொறும் தம்பி," என்று திரையை எட்டிப் பார்த்தார். "முதல் ரெண்டு எழுத்து நாடு. அடுத்த ரெண்டு இலக்கம் பிழை பிடிக்கிறதுக்கு. கடைசியில கிடக்கிறதுதான் கொம்பனியின்ர நம்பர். அது சரியோ?"

"சரிதாண்ணே."

"நடுவில உள்ள மூண்டும் கொம்பனி தன்ர கிளையளைப் பிரிச்சுப் பாக்கப் போடுறது. பிழை பிடிக்கிற கணக்கிலயும் சேராது. ZZZ எண்டாலும் 012 எண்டாலும் அதே கொம்பனிதான். போய்த் தண்ணி குடியும்."

மாலையில் வங்கி கோப்பை ஏற்றுக்கொண்டது. சோபா விற்பனை ரத்து.

"பின்ன எதுக்குண்ணே ஷூ மாட்டுனீங்க? பாதி உயிர் அதுலதான் போச்சு!"

"நீர் வந்த கோலத்தைப் பாத்தன். மயங்கி விழுந்தீரெண்டா தூக்கிக்கொண்டு ஓட வேணுமெல்லோ? சொக்ஸோட ஓடேலுமே?"

அப்போது என் எடை நூறு கிலோவுக்குப் பக்கம். அதற்காகத்தான் அந்த மனிதர் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தார்.