இலாபம் என்று உரத்துச் சொன்ன நாள்

வியாபாரம் எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டால் என் முகம் தானாகவே வாடிவிடும். "ஏதோ இழுபடுது" என்பேன். நன்றாகப் போகிறது என்று சொன்னால் கண்ணூறு படும். அதைவிட மோசம், அடுத்த கிழமையே யாராவது நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பார்கள். (மனைவி சுகந்திக்கும் பல வருடங்களாக இதே பதில்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.)

கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. வீட்டு யன்னல்களுக்குப் பிளைண்ட்ஸ் என்ற மறைப்புத் திரைகள் செய்து பூட்டிக் கொடுக்கிறோம். வீட்டுக்குள் நடப்பது அயலவருக்குத் தெரியாமல் மறைப்பதே தொழில். இதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் ஸ்காபரோவில் கிடையாது.

மகள் மதுரா ஒரு பெரிய அலுவலகத்தில் நல்ல வேலையில் இருந்தவள். ஒருநாள், எல்லைக்கு அந்தப் பக்கம் பஃபலோவில் ஒரு கிளை திறப்போம், நானே நடத்துகிறேன் என்றாள். அமெரிக்காவில் முதல் போட்டு வியாபாரம் நடத்தப் போகிறவர்களுக்கென்று ஒரு விசா உண்டு. அதில் ஒரு விசித்திரம், விசா கிடைக்கும் முன்பே முதலைப் போட்டுக் காட்ட வேண்டும். கலியாணம் பேச முன்பே மணவறை கட்டுவதுபோல. ஆகவே பஃபலோவில் கடை எடுத்து, துணி வெட்டும் மெஷினும் இறக்கி, பெயர்ப்பலகையும் மாட்டியாயிற்று. பாதி அவள், பாதி நான் என்று பங்கு. மதுரா வேலையையும் விட்டுவிட்டாள். விசா மறுக்கப்பட்டால் பெயர்ப்பலகையைக் கழற்றலாம். அவள் விட்ட வேலையை எங்கே போய் மாட்டுவது?

பங்காளி என்றபடியால் விசா நேர்முகத்துக்கு நானும் போனேன். போகும்போது ரெயினுக்குள் எனக்கு ஒத்திகை நடந்தது.

"அப்பா, லோயர் சொன்னது ஞாபகம்தானே? வீட்டுச் செலவுக்கு மட்டும் காணுற பிசினஸ் எண்டால் விசா தரமாட்டினம். எங்கட பிசினஸ் ஸ்ட்ரோங் எண்டு காட்டோணும்."

"ஓம் பிள்ளை."

"யாவாரம் எப்படி எண்டு கேட்டால்?"

"நல்லாப் போகுது."

"ஏன் இவ்வளவு மெதுவாச் சொல்லுறீங்கள்?"

"ஆக்கள் இருக்கினம்."

அமெரிக்கத் துணைத் தூதரக மண்டபத்துக்குள் நுழையும்வரை தைரியமாகத்தான் இருந்தேன். அங்கே முன்வரிசையில் குகநாதன் அண்ணை இருந்தார். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் பொருளாளர். மாமியாருக்கு விசிட் விசா எடுக்க வந்திருந்தார். போன ஞாயிறுதான் சங்க மலருக்கு விளம்பரம் கேட்டு வீட்டுக்கு வந்தார். கடையைப் பூட்டும் நிலையில் இருக்கிறேன் என்று நான் சொன்ன விதத்தில் மனிதர் கலங்கிப்போய், தேத்தண்ணியையும் பாதியில் வைத்துவிட்டு, "மனம் தளராதையும் தம்பி" என்று முதுகைத் தடவிவிட்டுப் போனவர்.

எங்களை அழைத்த யன்னல் அவருக்கு நேர் முன்னால். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் அதிகாரி, மிகவும் மரியாதையானவர். ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்கள் வியாபாரம் இப்போது எப்படிப் போகிறது?"

"ஏதோ சமாளிக்கிறோம்," என்றது என் வாய்.

அவர் கோப்பைப் புரட்டினார். "கணக்கு நன்றாக இருக்கிறதே."

"அது கணக்கு."

"அப்படியென்றால் நட்டமா?"

"நட்டம் என்றும் சொல்ல ஏலாது."

"இலாபமா?"

"கடவுள் புண்ணியத்தில் சாப்பிடுகிறோம்."

"சாப்பாட்டுக்கு மட்டும்தான் காணுமா?"

லோயர் பயமுறுத்திய அதே குழி. நானே தோண்டி, நானே இறங்கி நின்றேன். மதுரா என் காலை மிதித்தாள். "அப்பா, வட் ஆர் யூ டூயிங்?"

"பின்னாலை குகநாதன் அண்ணை," என்றேன் உதடு அசையாமல்.

"சோ?"

"போன கிழமைதான் அந்தாளுக்குக் கடை பூட்டப்போறன் எண்டு சொன்னனான்."

அவள் ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு அதிகாரியைப் பார்த்து, "சேர், என் அப்பா பொய் சொல்கிறார்," என்றாள். (விசா கேட்கப் போன இடத்தில் இப்படிச் சொன்ன முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.) "எங்கள் ஆட்களிடம் இது ஒரு மரியாதை. வியாபாரம் நல்லது என்று யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். அதோடு, தெரிந்த ஒருவர் பின்னால் இருக்கிறார்."

அதிகாரி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். குகநாதன் அண்ணை மரியாதையாகத் தலையசைத்தார்.

"உண்மையைச் சொல்லுங்கள்," என்றார் அதிகாரி.

கண்ணாடியோடு வாயை ஒட்டி, "நன்றாகப் போகிறது," என்று முணுமுணுத்தேன்.

"கேட்கவில்லை. மைக்கில் சொல்லுங்கள்."

மதுராவைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. சின்ன வயதில் ஊசி போடும்போது பிடிப்பதுபோல என் ஜக்கெட் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மைக்கை இழுத்தேன். "என் வியாபாரம் மிக நன்றாகப் போகிறது. ஒவ்வொரு வருடமும் இலாபம். ஓர்டர் செய்து முடிக்க முடியவில்லை. ஒஷாவாவில் இருந்தும் வருகிறார்கள்." அணை உடைந்துவிட்டது. இத்தனை காலம் அடக்கி வைத்த பெருமையெல்லாம் ஒலிபெருக்கியில் போனது. அதிகாரி, "போதும் சேர்," என்று சொல்லியும், வாடகைக் கட்டடத்தை வாங்கும் யோசனையையும் சொல்லித்தான் நிறுத்தினேன். மண்டபத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை.

விசா கிடைத்தது.

திரும்பியபோது குகநாதன் அண்ணை எழுந்து நின்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஒரு கிழமைக்குள்ளை கடவுள் கண் திறந்திட்டார், என்ன தம்பி."

அந்த வருடச் சங்க மலரின் பின்னட்டை முழுவதும் எங்கள் பிளைண்ட்ஸ்தான்.

ஆனால் உண்மையான நேர்முகம் வீட்டில் காத்திருந்தது. மதுராவோடு கோப்பி குடித்துவிட்டு வருவதற்குள் செய்தி போய்விட்டது. சுகந்தி கதவைத் திறந்தாள்.

"யாவாரம் நல்லாப் போகுதாம். குகநாதன் அண்ணையின்ரை மனுசி சொன்னவ. நானும் உங்களோடைதான் குடும்பம் நடத்துறன்."

மூன்று வருடமாக அவள் கேட்ட புதுச் சமையலறை அடுத்த மாதமே வந்தது. பஃபலோக் கடையும் ஓடுகிறது. வீட்டுக்கு யாராவது வந்து, "எப்படி அண்ணை யாவாரம்?" என்று கேட்டால், என் முகம் வாடத் தொடங்கும் அந்த நொடியிலேயே சுகந்தி அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்து அதை மைக் போல என் வாய்க்கு நேரே நீட்டுவாள்.

"உதுக்குள்ளை சொல்லுங்கோ. அவைக்குக் கேக்கேல்லையாம்."

சொல்லிவிடுகிறேன். சில நாட்களில் அதிலிருந்து சொதி சொட்டும். அதற்காக அவள் கையை எடுப்பதில்லை.