குணசேகரன் நடத்தவிருந்த யுத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் உலக யுத்தம் தலத்தெருவில்தான் நடக்கும் என்று குணசேகரன் ஆபீஸ் முழுக்க அறிவித்திருந்தான். போர்க்களம், அவன் வீட்டுக் கம்ப்யூட்டர். மற்றவர்கள் அவரவர் வீட்டில் இருந்தபடியே இன்டர்நெட் வழியாக அவனுடைய ஆட்டத்துக்குள் நுழைந்து சுட வேண்டும். சூப்பரின்டென்டென்ட் கைலாசநாதனே வருவதாகச் சொல்லிவிட்டார். அவரை வைத்து ஒரு ஆட்டம் நடத்திவிட்டால் அப்புறம் ஆபீசில் மரியாதையே தனி.

ஒரே இடைஞ்சல், அன்றைக்குத்தான் கோட்டுச்சேரியில் மைத்துனர் சொக்கநாதன் மகளுக்குக் காதுகுத்து. வெற்றிலைத் தட்டோடு நேரில் வந்து அழைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். அவரிடம், ஆபீசில் ஆன்லைன் பயிற்சி என்று வாய் கூசாமல் புளுகினான் குணசேகரன். அதோடு நின்றானா? ரூட்டரில் ஃபயர்வால் என்று ஒரு காவல்காரன் இருக்கிறானே, வெளியாள் யாரையும் உள்ளே விடமாட்டான். அவனை விலக்கத் தெரிந்தவள் வீட்டில் மனைவி சந்திரா ஒருத்திதான். கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறவள். பாஸ்வேர்டும் அவளிடம்தான்.

"பயிற்சிக்கு இந்த நம்பர் போர்ட்டைத் திறக்கணுமாம் சந்திரா" என்றான். போர்ட் என்றால் அந்தக் காவல்காரன் காக்கும் வாசல்களில் ஒன்று. வெள்ளிக்கிழமையே திறந்து கொடுத்தாள். சனிக்கிழமை ஆபீஸ் கபீர் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டு, "ஜம்முனு வருது சார்" என்றான். மறுநாள் காலை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் பட்டுப்புடவையில் பஸ் ஏறினாள் சந்திரா. பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தினவன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டாமா?

பத்து மணி ஆயிற்று. ஈ காக்கை வரவில்லை. பத்தேகாலுக்குக் கைலாசநாதன் போன்.

"என்னப்பா, வரச் சொல்லிட்டு வாசக்கதவைச் சாத்திக்கிட்டே?"

குணசேகரனுக்குக் காது மடல் சுட்டது. சந்திராவுக்குப் போன் போட்டான்.

"சந்திரா, ரூட்டர் யாரையும் உள்ள விட மாட்டேங்குது."

"ஆமாங்க. கிளம்புறப்ப நான்தான் மூடிட்டு வந்தேன்."

"பயிற்சின்னு சொன்னேனே?"

"சொன்னீங்க. அந்த நம்பரை நெட்ல போட்டுப் பார்த்தேன். துப்பாக்கி ஆட்டத்து நம்பராம். பயிற்சியில யாரைங்க சுடப் போறீங்க?"

குணசேகரன் புளுகை அப்படியே விட்டுவிட்டுக் கெஞ்சத் தொடங்கினான்.

"பாஸ்வேர்டைச் சொல்லிடு. மானம் போவுது."

"இங்க அண்ணன் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்குது, மாப்பிள்ளை வரலியேன்னு. என் மானம் மட்டும் என்ன கத்தரிக்காயா? வந்து பந்தியில உக்காருங்க. சாப்பிட்டு எழுந்ததும் சொல்றேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். பஸ் கிடைத்துப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. சொக்கநாதன் வாசலுக்கு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மாப்பிள்ளை. பயிற்சியைப் பாதியில விட்டுட்டா வந்தீங்க? எங்களால உங்களுக்குத்தான் சிரமம்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. இந்த மனுஷனிடமா புளுகினோம் என்று குணசேகரனுக்குக் கூசிப்போயிற்று. நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லாமல் முதல் பந்திக்குப் போனான். அங்கே இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் கைலாசநாதன். பக்கத்தில் கபீர்.

"உங்கிட்ட பேசி வச்ச கொஞ்ச நேரத்துலயே உன் சம்சாரம் போன் பண்ணி அழைச்சிட்டாங்கப்பா. கபீர் ஸ்கூட்டர்ல வந்துட்டோம்" என்றார் கைலாசநாதன். "அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்களே ஆட்டத்தை நடத்துறாங்களாம்."

குணசேகரனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. "எத்தனை மணிக்கு சார்?"

"எங்களுக்குப் பத்து மணி. உன்னைச் சேர்க்கிறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணலையாம்."