இடுக்கி பிடித்த கை

இடுக்கிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. வாரம் முழுக்கத் தம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறதென்றே இவருக்குத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டின் பின்பக்கத்தில் கரியடுப்பு மூட்டியாயிற்று என்றால் ஆளே வேறு. நீட்டு இடுக்கி ஒன்றைக் கையில் எடுப்பார். அதன் பிறகு அதைப் பிடுங்க யாராலும் முடியாது.

நாம் பார்க்கப்போகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். முதல்நாளே பன்றி விலா எலும்பு வாங்கி வந்து, பின்பக்கத்துச் சவ்வை உரித்து, இஞ்சி பூண்டு நசுக்கி, சோயா சாஸும் தேனும் அன்னாசிப்பூப் பொடியும் கலந்து பிசறி, ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் ஊறவைத்தது அவர் மனைவி. அவர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.

அன்றைக்கு, ஒரு வருஷமாக வாசல் மிதிக்காத அவள் தம்பி, அவள் போனில் கெஞ்சிக் கூத்தாடியதில், பெண்டாட்டியோடு வந்திருந்தான். ஏன் வராமல் இருந்தான்? போன தடவை அத்தான் உள்ளே போன நேரம் பார்த்து ஒரு துண்டைத் திருப்பிப் போட்டுவிட்டான். ஒரே ஒரு துண்டுதான். பேச்சு வளர்ந்து, தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

"இன்னிக்கு அவன் வயிறார சாப்பிட்டுட்டுத்தான் போகணும், சொல்லிட்டேன்" என்றாள்.

"நான் என்ன அவனப் பட்டினியா போடப்போறேன்?"

கரியில் தீ இன்னும் எரிந்துகொண்டிருந்தது. விஷயம் தெரிந்தவன் கரி நீறு பூக்கும்வரை காத்திருப்பான். இவர் எல்லாத் துண்டுகளையும் தீயின்மேல் அடுக்கி, தேன் சாஸை சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி தடவினார். கொழுப்பு சொட்டியது. தீ குதித்தது. இவர் விசிறினார்.

"கருகுதுங்க."

"வெளிய கருத்தாத்தான் உள்ள வெந்திருக்குன்னு அர்த்தம். சைனாக்காரன் இப்படித்தான் சுடுவான்."

இவர் சீனாவுக்குப் போயிருக்கிறாரா என்றால், இல்லை. ஒரு சீன உணவகத்தில் கை கழுவப் போகும்போது சமையலறைக் கதவு திறந்திருந்தது, எட்டிப் பார்த்திருக்கிறார்.

தம்பி கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றான். ஒரு துண்டை வெட்டிப் பார்த்தார்கள். வெளியே அட்டக்கருப்பு, உள்ளே பச்சை இறைச்சி.

"இதெல்லாம் இப்படித்தான் இருக்கும், மாப்ளே. சாப்பிட்டுப் பாரு."

தம்பியின் பெண்டாட்டி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை போனால் இவன் இனிமேல் வரவே மாட்டான்.

"என்னங்க, ஊறுகாய் ஜாடி மூடி இறுகிப் போச்சு. உங்களாலதான் முடியும்" என்றாள்.

இந்த இனத்துக்கு ஒரே பலவீனம் அதுதான். இடுக்கியை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவள் அதைத் தம்பியிடம் நீட்டினாள். "காப்பாத்துடா."

அவன் கரியை ஒருபக்கம் ஒதுக்கினான். கருகியதைச் சுரண்டி, துண்டுகளை மறுபக்கம் வைத்து, அகலப் பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து மூடினான். நன்றாக வெந்த பிறகு, கடைசியில்தான் சாஸைத் தொட்டான். தேன் பளபளவென்று பிடித்தது.

மூடியோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, அத்தான் ஜாடியும் கையுமாக வெளியே வந்தார். அவர் அடுப்பைப் பார்த்தார். இடுக்கியைப் பார்த்தார். கிட்டே போய் வாயைத் திறந்தார்.

"அத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான் தம்பி, தலையைக்கூடத் தூக்காமல். "இதுக்கு ஒரு பக்குவம் இருக்கு. நடுவுல பேசினா கெட்டுடும்."

அவர் கோபப்படவில்லை. தன் சாதிசனத்தைக் கண்டவர் போல முகம் மலர்ந்து, தானே போய்த் தட்டு கொண்டுவந்து நீட்டினார்.

"நான் ஒண்ணத் திருப்பிப் போடட்டுமா?" என்று கேட்டாள் தம்பியின் பெண்டாட்டி.

"தொடாதே" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அன்று எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லிவிட்டுத் தம்பி கிளம்பினான். அக்காவுக்கு சந்தோஷம்தான். இனி இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டுமே என்பது பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

சரி, இதைப் படிக்கும்போது, "மூடியிருக்கக் கூடாது, நானாக இருந்தால்..." என்று உங்கள் நாக்கு ஒரு தடவையாவது துறுதுறுத்ததா? வீட்டில் உள்ளவர்களிடம் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதுதான் உண்மையைச் சொல்வார்கள்.