பாஞ்சாலையின் ரகசியம் காத்த படலம்

வாழ்க, ஆலங்காயம் ஈன்ற அடலேறு! வாழ்க, பதினாறு எழுத்துக் கடவுச்சொல்லைத் தூக்கத்திலும் உளறாத தூயவன்! புதூர்நாட்டு மலைச்சிற்றூர் ஒன்றின் சுகாதார நிலையத்தில், நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றும் அசோக்குமாரின் புகழைப் பாடாமல் என் நாக்கு ஓயாது!

அன்று காலை பாஞ்சாலையின் பரிசோதனை முடிவு திரையில் எழுந்தது. கர்ப்பம், இரண்டு மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த செய்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு சனிக்கெழம திருப்பூர்லேர்ந்து வர்றாருங்க. என் வாயால நானே சொல்லணும். அதுவரிக்கும் யாருக்கும் தெரியக் கூடாது சார்."

"உயிரே போனாலும் இந்தத் திரை பேசாது!" என்று சூளுரைத்தான் வீரன்.

அவள் தலை மறைந்ததும் களம் புகுந்தாள் பெரியம்மாள். பாஞ்சாலையின் மாமியார், மலைநாட்டு ஒற்றர்படைக்கு ஒரே தலைவி. கையில் பலாச்சுளை.

"மருமவளுக்கு இன்னாச்சுன்னு பாத்து சொல்லு கண்ணு. நான் இன்னா அசலா?"

சுளைமணம் மூக்கைத் துளைக்க, நாவில் நீரூற, எனினும் அறம் பிறழாத அண்ணல் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். அவள் ஜன்னலை வளைத்தாள், அவன் துண்டால் போர்த்தினான். அவள் நாற்காலியின் பின்புறம் பாய்ந்தாள், அவன் பொத்தானைத் தட்டித் திரையையே காரிருளாக்கினான். ஐயகோ, ஒரு மணி நேரம் நடந்தது அந்தப் போர்!

"உன் பொட்டிய நீயே கட்டிக்கினு அழு!" என்று சபித்துவிட்டு, ஜீப் நிற்குமிடத்துக்குப் பின்வாங்கினாள் பெரியம்மாள். சுளையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வாகை சூடியவனுக்கு வந்தது அடுத்த சோதனை. நெட் இல்லை, கணினியில் விவரம் ஏறவில்லை, உச்சிப்பொழுதுக்குள் போனிலாவது சொல்லியாக வேண்டும் என்பது நகரத்து அலுவலகத்தின் ஆணை. ஊரில் சிக்னல் கிடைப்பதோ ஜீப் நிற்குமிடத்துக்கு மேலுள்ள பாறையில் மட்டும். கடமை அழைக்க, கைப்பேசியை வாளென உயர்த்தி, பாறையுச்சியில் ஏறி நின்று முழங்கினான் முதல்வன்:

"ஹலோ! கேக்குதாங்களா? பாஞ்சாலை! பாஞ்… சா… லை! கர்ப்பம்ங்க! ரெண்டு மாசம்! ஆமாங்க, வூட்ல யாருக்கும் தெரியாது! ரகசியம்ங்க! ர… க… சி… யம்!"

குன்றுகள் அதிர, சாமைக்கொல்லைகள் சிலிர்க்க, 'ரகசியம், ரகசியம்' எனப் பள்ளத்தாக்கெல்லாம் எதிரொலிக்க, திரையை ஒருவர் கண்ணிலும் காட்டாத பெருமிதத்தோடு இறங்கி வந்தான் தகவற்காவலன், தன்னிகரிலாத் தலைமகன், அசோக்குமார்.

அவன் இறங்கியதும் பெரியம்மாள் அதே பாறையில் ஏறி மகனுக்குப் போன் போட்டாள்.