பாதி பழசு, பாதி புதுசு

அலமாரியின் இடது கதவைப் பெரிய மருமகளும் வலது கதவைச் சின்ன மருமகளும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தம்பி தனிக்குடித்தனம் போகிறான். லாரி வாசலுக்கு வந்து ஒரு மணி நேரமாகிறது. சண்டையில்லாமல் பிரிய வேண்டும் என்பது ஒன்றுதான் அண்ணனின் ஆசை. அண்ணன் உயிரியல் வாத்தியார். அலமாரி விஷயத்திலும் பாடம் நடத்தாமல் அவரால் இருக்க முடியவில்லை.

"செல் ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாடி டிஎன்ஏ என்ன பண்ணுது தெரியுமா? அதுல ரெண்டு இழை ஜோடியா இருக்கும். ரெண்டும் முதல்ல பிரியும். அப்புறம் ஒவ்வொரு பழைய இழையும் தனக்குப் பொருத்தமா ஒரு புது இழையைச் சேர்த்துக்கும். ரெண்டு செல்லுக்கும் பாதி பழசு, பாதி புதுசு. யாருக்கும் குறையில்ல."

"அதுங்க சண்டையே போடாதா அண்ணே?" என்றான் தம்பி.

"இதுவரைக்கும் போட்டதில்ல."

லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தச்சரைக் கூப்பிட்டார்கள். அலமாரி நடுவில் அறுபட்டது. நான்கு நாள் கழித்து வந்த புதுப் பாதி ஓர் அங்குலம் உயரமாக இருந்தது.

"நகல்ல பிழை வர்றது சகஜம். அதைக் கண்டுபிடிச்சுத் திருத்த செல்லுக்குள்ள ஒரு என்சைம் இருக்கு" என்றார் வாத்தியார்.

"எந்தக் கடையில சார் கிடைக்கும்?" என்று தச்சர் அக்கறையாகக் கேட்டார். "வாங்கிக் குடுத்தா எனக்கு வேலை மிச்சம்."

என்சைம் கிடைக்காததால் தச்சரே இழைத்தார். இழைத்த வேகத்தில் அது அரை அங்குலம் குட்டையாகிவிட்டது.

"அலமாரிக்கு ஒரு நியாயம், சோபாவுக்கு ஒரு நியாயமா?" என்றாள் சின்ன மருமகள். சோபாவும் அறுபட்டது. பழைய பாதி காவி, புதுப் பாதி பச்சை. பச்சையில் யார் உட்காருவது என்று இப்போது அண்ணன் வீட்டுக்குள்ளேயே தகராறு.

கடைசியாக, பெற்றவர்களின் கட்டில். அப்பா அண்ணனோடு, அம்மா தம்பியோடு என்று பிள்ளைகள் பேசி முடித்துவிட்டார்கள். சம்பந்தப்பட்ட இருவரையும் கேட்க மட்டும் மறந்துவிட்டார்கள். கட்டிலும் நடுவில் அறுபட்டது.

மறுநாள் லாரி மறுபடி வந்தது.

"ஏறும்மா. அப்பாவை அண்ணன் நல்லாப் பாத்துக்குவார்" என்றான் தம்பி.

அரைக் கட்டிலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த கணவரை அம்மா பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"ஏறறேன்பா. பழைய பாதி ஒவ்வொண்ணுக்கும் பொருத்தமா ஒரு புதுப் பாதி வரணும்னு சொன்னீங்களே, எனக்கு மாப்பிள்ளை பாத்துட்டீங்களா?"