மூச்சுக் காப்பும் நாற்பது நீளமும்

காலை ஆறு மணிக்கே நீச்சல் குளத்து வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். பாதிப் பேர் நீந்த வந்தவர்கள், மீதிப் பேர் தரிசனத்துக்கு. கரையோரப் பிளாஸ்டிக் நாற்காலியில், உடம்பில் ஒரு சொட்டு ஈரம் படாமல் மூச்சுச்சாமி வீற்றிருப்பார். அவர் தரும் செப்புக் காப்பைக் கணுக்காலில் மாட்டிக்கொண்டு, அவர் மந்திரத்தைத் தண்ணீருக்குள் ஓத வேண்டும். குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு நீளம். நாலு நீளத்தில் நாக்குத் தள்ளியவனும் நாற்பது நீளம் ப்ரீஸ்டைல் அடிப்பானாம். அங்கே நீந்த வரும் பல் டாக்டர் ஒருவர் அடித்தே காட்டினார். படித்தவரே சொன்ன பிறகு மற்றவர்கள் எதற்கு மூளையைச் சிரமப்படுத்த வேண்டும்?

அங்கே வந்த தையல்காரி ஒருத்திக்கு மட்டும் அருள் கிட்டவில்லை. குளத்தில் உயிர்காப்பாளர் வேலை காலி. சனிக்கிழமை தேர்வு, நிற்காமல் நாற்பது நீளம். மிஷினில் குனிந்தே கழுத்து தேய்ந்தவளுக்கு அந்த வேலை கிடைத்தால் விடிவு. காதில் கிடந்த தோட்டைச் சாமியிடம் கழற்றிக் கொடுத்துக் காப்பு வாங்கினாள். அப்படியும் ஐந்தாவது நீளத்தில் கரையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரைத்தாள். நம்பிக்கை போதாது என்றார் சாமி. மறு காலுக்கும் ஒரு காப்பு, மூன்று நாள் பட்டினி என்று பரிகாரமும் சொன்னார். வெறும் வயிற்றோடு நீந்தினால் நேராகச் சாமியின் கடவுளிடமே போய்ச் சேரலாம்.

குளத்துக்குக் குளோரின் போடும் அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாகத் தண்ணீரையே பார்த்த கண்.

"மந்திரத்த எப்படிச் சொல்ற?" என்று கேட்டாள்.

"மனசுக்குள்ளதான்க்கா. புனிதமான மந்திரம், எச்சில் தண்ணியில சொல்லலாமா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அதான் உன் மூஞ்சிகிட்ட ஒரு குமிழிகூட வரல. அவங்க வாய்விட்டுச் சொல்றாங்க, உள்ள இருக்கிற காத்து வெளிய போயிடுது. தலையைத் திருப்பினா புதுக் காத்து தானா வருது. நீ அடைச்சு வச்சுக்கிட்டு மேல மேல இழுத்தா எங்க போகும்? காப்பக் கழட்டு. தைக்க வேண்டிய துணியச் சொல்லிக்கிட்டே நீந்து."

அவள் இறங்கினாள். சட்டை மூணு, பாவாடை ரெண்டு என்று குமிழி குமிழியாகத் தண்ணீருக்குள் விட்டாள். மூன்று கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் திருப்பினாள். அவசரப்படவில்லை. நாற்பதாவது நீளத்தைத் தொட்டபோது சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

காப்பின் சக்தி முன்பே உடம்பில் இறங்கிவிட்டது என்று சமாளித்தார் சாமி. பல் டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது. காப்போடு, மந்திரத்தை மனசுக்குள் மட்டும் சொல்லி, மூச்சை அடக்கிக்கொண்டு நீந்திப் பார்த்தார். ஐந்தாவது நீளத்தில் அவரும் கம்பியைப் பிடித்தார்.

"சாமி, நீங்களே ரெண்டு காப்பு மாட்டிக்கிட்டு ஒரே ஒரு நீளம் போங்களேன்," என்றாள் அக்கா.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வேறு வழியின்றி ஏணியில் இறங்கிய சாமி, மூன்றாவது படியில் வழுக்கி உள்ளே போனார். சக்தி மிக்க இரண்டு காப்புகளும் அவரோடு சேர்ந்து மூழ்கின. பாய்ந்து இழுத்து வந்தவள் தையல்காரிதான். தேர்வுக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. கரையேறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என் தோடு எங்க சாமி?"

அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்தார். "சட்டை மூணுதானே சொன்னீங்க, நாலு சொன்னா பலிக்காதா?"

அப்பனே, நீந்தத்தான் மூச்சு வாங்கும். யோசிக்க வாங்காது. ஒருமுறை யோசித்துத்தான் பாரேன்.