ஐந்து மணிச் சத்தமும் முதல் பரிசுக் கட்டுரையும்

"நீங்க வாசிக்கிறதுக்குப் பேரு சங்கீதமா? பூனை வாலைக் கதவிடுக்குல வச்சு நசுக்கின மாதிரி இருக்கு!" மாடிப்படியில் நின்று கத்தினார் செயலாளர்.

"கொஞ்ச நாள்ல சரியாயிடும் சார்" என்றாள் பக்கத்து வீட்டு வயலின் டீச்சர், கைப்பையில் சாவியைத் தேடியபடி.

"ரெண்டு வருஷமா இதையே சொல்றீங்க! சாயங்காலம் அஞ்சு மணியானா ஆரம்பிச்சிடுது. கதவைத் தட்டினா சத்தம் நிக்குது, கதவு திறக்க மாட்டேங்குது. நல்லவேளை, அந்நேரம் என் பொண்ணு கணக்கு டியூஷன்ல இருக்கா. இல்லேன்னா அவ படிப்பும் போயிருக்கும்!"

குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஆபீசில் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை; அந்தக் குறையைக் கட்டடத்தில் தீர்த்துக்கொள்கிறார் என்று கீழ்வீட்டில் ஒரு பேச்சு உண்டு. டீச்சரைக் காலி செய்ய வைக்க ஒரு மனு தயாரித்துப் பதினான்கு வீடுகளில் கையெழுத்தும் வாங்கியாயிற்று. 'நம் கட்டடச் சுவர்கள் காகிதம் போல மெல்லியவை' என்பது அதன் முதல் வரி.

அந்த வாரம்தான் மகளின் பள்ளியில் கட்டுரைப் போட்டி அறிவித்தார்கள். தலைப்பு, 'இசைக் கல்வி என்னை வளர்த்த விதம்'. முதல் பரிசு வாங்கினால், ஊரே ஏங்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நுழைவுத் தேர்வு இல்லாமல் இடம்.

மகள் பேனாவை எடுப்பதற்குள் அப்பா எடுத்துவிட்டார்.

"நானே எழுதுறேனேப்பா."

"சங்கீதத்தைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?"

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

'நான் தினமும் ஒரு மணி நேரம் வயலின் பயில்கிறேன். அந்த நாதத்தில் எங்கள் கட்டடமே உருகி நிற்கும். என் தந்தையின் கண்கள் கலங்கிவிடும்' என்று நாலு பக்கம் பொழிந்து தள்ளினார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. கட்டுரை இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் வீட்டுக்கே வந்து மாணவி வாசிப்பதைக் கேட்பார்கள், அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார்கள்.

செயலாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அக்கம்பக்கம் என்றால் அந்தப் பதினான்கு கையெழுத்துகள்தானே? வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"மனுவைக் கிழிச்சிடலாம்னு இருக்கேன். சங்கீதம் உடம்புக்கு நல்லதாம்."

"காதுக்கு ஆகாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார் கீழ்வீட்டு மாமா.

"காதுக்கு ஆகாது. உடம்புக்கு நல்லது."

"அப்படின்னா எங்க பையன் டிரம்ஸ் வாங்கிக்கட்டுமா?"

தலையாட்ட வேண்டியதாயிற்று. அன்று இருட்டுவதற்குள் டிரம்ஸ் இரண்டு, டிரம்பெட் ஒன்று, அத்தோடு இந்தச் சந்தடியில் ஒரு நாய்க்குட்டி எனச் சங்கம் அனுமதி வழங்கிவிட்டது.

கடைசியாக டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார். குரலில் தேன் சொட்டியது.

"உங்க வயலினைக் கொஞ்சம் குடுங்கம்மா. ஞாயித்துக்கிழமை நான் சுவரை ரெண்டு தட்டு தட்டுவேன். நீங்க இந்தப் பக்கம் வேற வயலின்ல வாசிங்க. அந்தப் பக்கம் எங்க பாப்பா சும்மா வில்லை ஆட்டுவா."

டீச்சர் உள்ளே போனாள். வயலின் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சத்தம் வரும் சார். அதுக்கு நான் பொறுப்பு."

ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் இருவர் சோபாவில் உட்கார்ந்தார்கள். மகள் சுவரோரம் நின்று வயலினைத் தோளில் வைத்தாள். செயலாளர் யதேச்சையாகச் சாய்வதுபோலச் சாய்ந்து சுவரைத் தட்டினார்.

இசை எழுந்தது. குழைந்தது, ஏறியது, இறங்கியது. நடுவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். 'இவ்வளவு நல்லா வாசிக்கத் தெரிஞ்சவ என்னை ஏன் ரெண்டு வருஷமா இந்தப் பாடு படுத்தினா?' என்று செயலாளர் பல்லைக் கடித்தார். ஆனாலும் மகளின் நடிப்பு பிரமாதம். ஒரு விரல்கூடப் பிசகவில்லை! மாட்டிக்கொள்ளாத நிம்மதியில், கட்டுரையில் எழுதியபடியே அவர் கண் கலங்கிவிட்டது.

"முதல் பரிசு உங்க பொண்ணுக்குத்தான்" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

நன்றி சொல்லப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். பூட்டு தொங்கியது. படி பெருக்கிக்கொண்டிருந்தார் வாட்ச்மேன்.

"டீச்சர் எங்கேப்பா?"

"வெள்ளிக்கிழமையே காலி பண்ணிட்டாங்களே சார். நீங்க ஆபீசில இருந்தீங்க. அவங்களுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை ஊருக்கே போயிட்டாங்க. வயலினைப் பாப்பாவே வச்சுக்கட்டும்னு சொன்னாங்க."

செயலாளர் சுவரைப் பார்த்தார். "அப்போ இவ்வளவு நேரம் வாசிச்சது யாரு?"

"வேற யாரு சார்? தினம் அஞ்சு மணிக்கு, டீச்சர் குடுத்துட்டுப் போற சாவியால கதவைத் திறந்து வாசிக்குமே, நீங்க பதினாலு வீட்டுல கையெழுத்து வாங்கினீங்களே, அந்த உங்க பாப்பாதான்!"